மண்மேட்டில் மழைத் தண்ணியைப் பிடிக்கும் வேலை



சேமிப்பு பற்றியும் கடன் பற்றியும் மற்ற அக்காமார்கள் பேசிவிட்டார்கள். சுரங்க மண்மேட்டில் நாங்கள் செய்கிற வேலையைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். வெட்டிவேர் நடுகிற கூலி வேலை என்றுதான் பலரும் நினைக்கிறீங்க. நடுறது அதில் ஒரு பங்குதான். மழைத் தண்ணி மண்ணைத் தூக்கிக்கொண்டு போகாமல் பிடிக்கிறதுதான் எங்கள் வேலை.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. ஒரு டன் எடுக்க ஐந்து கன மீட்டர் மண்ணுக்கு மேல் வெட்டித் தள்ளணும். அந்த மண்தான் மேடாக நிற்கிறது. அடியில் கிடந்த களியும் மணற்பாறையும் மேலே வந்துவிட்டது. அதில் வேர் கிடையாது, மண்புழு கிடையாது. மழை விழுந்ததும் மேல்தோல் பாளமாக இறுகிக்கும். அப்புறம் தண்ணி உள்ளே இறங்காது, சரிவில் ஓட ஆரம்பிச்சிடும்.

எவ்வளவு தண்ணி தெரியுமா? ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர். நம்ம 15 லிட்டர் குடத்தில் ஏறக்குறைய 2,700 குடம். 2015 நவம்பர் வெள்ளத்தில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கோங்க.

இந்தக் கண்ணாடி பாட்டிலைப் பாருங்க. மேட்டு மண் ஒரு பிடி போட்டு, தண்ணி ஊற்றி, நான் மேடை ஏறும்போதுதான் குலுக்கி வைத்தேன். மணல் அடியில் உட்கார்ந்துவிட்டது. மேலே இன்னும் டீ மாதிரி கலங்கல்தான். அது களி. இரண்டு மூன்று நாள் ஆனாலும் முழுசாகத் தெளியாது. மேட்டின் அடிவாரத்தில் குட்டை வெட்டினால் போதும், வண்டல் அதில் நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். குட்டை மணலைப் பிடிக்கும். அடைமழையில் களியைப் பிடிக்காது. அது கலங்கலோடு வாய்க்காலுக்கும், பரவனாறு வழியாக ஏரிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஏரி மேடானால் யார் வயலுக்குத் தண்ணி குறையும் என்று இங்கே இருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே களி மேட்டை விட்டு இறங்கும் முன்னாடியே நிறுத்தணும்.

மேட்டைப் படிப்படியாக வெட்டுவது இயந்திர வேலை. ஒவ்வொரு படியும் உள்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கணும். வெளிப்பக்கம் சாய்ந்தால் தண்ணி விளிம்பைத் தாண்டி விழும், விழுந்த இடத்தில் குழி பறிக்கும், ஒரே மழையில் குழி ஓடையாகிவிடும். நாங்கள் போனதும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அப்புறம் எங்கள் வேலை. கொத்தனார் பிடிக்கிற தண்ணிக் குழாய் மட்டத்தை வைத்து, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் கோடு போடுவோம். கண் மட்டத்தை நம்பக் கூடாது. கோடு ஒரு பக்கம் தாழ்ந்தால் தண்ணி எல்லாம் அங்கே கூடி உடைத்துக்கொண்டு போகும். இடுப்பளவு இறக்கத்துக்கு ஒரு வரிசை. நாற்றுக்கு நாற்று அரைச் சாண், அதாவது 10 முதல் 15 சென்டிமீட்டர். தள்ளி நட்டால் சந்தில் தண்ணி பாயும். ஆடி, ஆவணியில் நட்டுத் தண்ணி ஊற்றி வந்தால்தான் ஐப்பசி மழைக்கு வேர் பிடித்திருக்கும். வரிசைகளுக்கு நடுவே தென்னை நார் விரிப்பு போட்டு முளையடிப்போம், புல் விதை தூவுவோம். ஏற்கெனவே விழுந்த ஓடைகளுக்குக் கல் தடுப்பு. அதன் நடுப்பகுதி தாழ்வாக இருக்கணும். இல்லாவிட்டால் தண்ணி இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு கரையை அறுக்கும்.

வேரைப் பிடுங்கி விற்றால் நல்ல காசு ஆகுமே என்று எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. கடலூர் கடற்கரை ஊர்களில் வெட்டிவேர் பணப்பயிர்தான். ஆனால் சரிவில் வேரைத் தோண்டினால் நாமே அரிப்பைத் தொடங்கி வைக்கிறோம். மேட்டில் தாளை மட்டும் முழங்கால் உயரத்தில் அறுக்கலாம், தூர் இன்னும் அடர்த்தியாகும். அறுத்த தாள் மூடாக்குக்கு ஆகும். வேர் விற்கணும் என்றால் சமதரையில் தனியாகப் போடலாம்.

இப்போது ஒரு கோரிக்கை. எங்களுக்கு வந்த ஒப்பந்தத்தில் நட்ட நாற்றை எண்ணிக் காசு தருகிறார்கள். செத்த நாற்றுக்கு மறுநடவு, மழையில் பெயர்ந்த கல்லைத் திருப்பி அடுக்குவது, குட்டையைத் தூர் வாருவது எதற்கும் காசில்லை. குட்டை பாதி நிறைந்ததுமே வாரணும். வாரிய மண்ணைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் திரும்ப உள்ளேதான் விழும், தூக்கிக்கொண்டு போய் மேல் படியின் சமதளத்தில் போடணும். அதற்கு வண்டி வேணும், ஆள் வேணும். இலவசமாகச் செய்யச் சொல்வது சரியில்லை. இரண்டு மழைக்காலப் பராமரிப்பும், புரட்டாசிக்குள் தூர் வாருவதும் கூலியோடு சேர்ந்த ஒப்பந்தம் என்றால்தான் நம் குழுக்கள் இனிக் கையெழுத்துப் போடணும் என்று கூட்டமைப்பு இன்றே தீர்மானம் போட வேண்டும்.

இன்னொன்று. 100 மீட்டர் வரிசைக்கு 700 முதல் 1,000 நாற்று வரை பிடிக்கும். இப்போது வெளியில் வாங்குகிறார்கள். மணற்பாங்கான நிலமும் கிணறும் இருக்கிற குழுக்கள் நாற்றங்கால் போடலாம், தூர் பிரித்துக் கொடுக்க நாங்கள் வந்து கற்றுத் தருகிறோம். விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன்னாடி செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.