எங்கள் மிஸி

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



பெண்களின் சுகாதாரம் பற்றி ஏதாவது பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றியெல்லாம் நீங்கள் வேண்டிய அளவு கேட்டுவிட்டீர்கள். ஆகவே என்னோடு வேலைசெய்து 2019இல் காலமான ஒரு குடும்பநல உத்தியோகத்தரைப் பற்றிப் பேசுகிறேன். அவர் இந்தப் பாடசாலையில் படித்தவர் அல்லர். பெயரைச் சொல்லவேண்டாம் என்று அவருடைய மகள் கேட்டிருக்கிறார். நாங்கள் 'மிஸி' என்றுதான் கூப்பிட்டோம். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

இலங்கையில் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. ஏறக்குறைய நமது சங்கத்தின் வயதுதான். இந்த நாட்டில் பிரசவத்தில் தாய்மார் இறப்பது இவ்வளவு குறைந்ததற்குப் பெரிய வைத்தியசாலைகள் மட்டும் காரணமல்ல. பையைத் தோளில் போட்டுக்கொண்டு படலை படலையாகப் போன இந்தப் பெண்களும் காரணம். எங்கள் வெள்ளை அங்கிக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதி அவர்களுக்குச் சேரவேண்டியது என்பது என் அபிப்பிராயம்.

நான் 2012இல் கிளிநொச்சி மாவட்டத்துக்கு நியமனம் பெற்றுப் போனேன். மக்கள் மெனிக் பாமிலிருந்து திரும்பி, தறப்பாளுக்குக் கீழேயும் தகரத்துக்குக் கீழேயும் இருந்த காலம். எனக்கு வயது முப்பது; மிஸிக்கு ஐம்பத்தொன்று. முதல்நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிள்ளை சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் "டொக்டர்" என்றார்.

தருமபுரம், விசுவமடு, கல்மடுப் பக்கம் எந்த ஒழுங்கையில் எந்தப் பிள்ளை நிறை குறைந்து நிற்கிறது, எந்த வீட்டில் மாமியார் கிளினிக்குக்கு விடமாட்டார், எந்தத் தாய் இரத்தம் ஏற்றுமளவுக்குச் சோகையோடு இருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வன்னிக் காய்ச்சல் என்று எங்கள் அம்மம்மாமார் பயந்த மலேரியாவுக்கு, ஒரு காலத்தில் வீடு வீடாய்ப் போய் இரத்தம் எடுக்க அனுப்பியவர். 2012 ஒக்ரோபருக்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய மலேரியா நோயாளர் எவரும் இல்லாத நிலையில், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்தச் செய்தியைச் சொன்னபோது, "இனி நுளம்புக்கும் பென்சன்தான்" என்றார்.

அவரிடம் பொலித்தீன் பைக்குள் சுற்றிய மூன்று கொப்பிகள் இருந்தன. 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்கு உள்ளாகி, நோயாளர்கள் புதுமாத்தளனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள் அல்லவா? அந்த மாதங்களில் தான் கண்ட, கைகொடுத்த பிரசவங்களை எல்லாம் மிஸி எழுதிவைத்தார். தாயின் பெயர், ஊர், திகதி, பிறந்த இடம், ஆணா பெண்ணா. உடுப்புப் பையைக்கூட விட்டுவிட்டு வந்தவர், இவற்றை மட்டும் விடவில்லை. மீள்குடியேற்றத்தின் பின்னர் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு ஆவணம் ஒன்றும் இல்லாமல் நின்ற தாய்மார் மிஸியைத் தேடித்தான் வந்தார்கள்.

இனிச் சொல்வது கொஞ்சம் கஷ்டம். சுகவனிதையர் கிளினிக் 1996இலிருந்து நாட்டில் நடக்கிறது. முப்பத்தைந்து வயதானதும் ஒவ்வொரு பெண்ணும் மார்பகம், கருப்பைக் கழுத்து, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் பார்த்துக்கொள்ளவேண்டும். அந்தக் கிளினிக்குக்குப் பெண்களைக் கையில் பிடித்து இழுத்துவந்தவர் மிஸி. தன் மார்பில் கட்டி இருப்பதை ஒரு வருடத்துக்கு மேல் ஒருவருக்கும் சொல்லவில்லை, மகளுக்கும்கூட. தெல்லிப்பளைக்குப் போனபோது நோய் எலும்புக்குப் பரவிவிட்டது. ஏனம்மா என்று கேட்டேன். "கிளினிக் நாளில நான் லீவெடுத்தா ஆர் பிள்ளை பார்க்கிறது?" என்றார். உண்மைதான், அவருடைய பகுதிக்குப் பக்கத்தில் இரண்டு இடங்கள் ஆளில்லாமல் கிடந்தன, அவற்றையும் அவரே பார்த்தார். ஆளணி வெற்றிடம் என்று நாங்கள் காகிதத்தில் எழுதுவது இப்படித்தான் ஒருவருடைய உடம்பில் போய் முடிகிறது.

பென்சன் எடுத்த பிறகு நல்லூர்க் கொடியேற்றத்திலிருந்து இருபத்தைந்து நாளும் யாழ்ப்பாணத்தில் நிற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயதில் போய்விட்டார்.

யாழ் போதனா வைத்தியசாலையில் நான் மருத்துவ மாணவியாக இருந்த காலத்தில் ஒவ்வொரு ஒக்ரோபர் 21ஆம் திகதியும் நினைவுகூரல் நடக்கும். 1987இல் இந்திய அமைதிப்படையினர் அந்த வைத்தியசாலைக்குள் சுட்டதில் நோயாளர்களும் ஊழியர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம் அவர்கள் தாதியருடன் கைகளை உயர்த்தி, தாங்கள் வைத்தியரும் தாதியரும் என்று சொல்லிக்கொண்டு வரும்போது சுடப்பட்டவர். நாங்கள் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு விரிவுரைக்கு ஓடுவோம். மிஸி போன பிறகுதான் வேறொரு கேள்வி எனக்கு வந்தது: அவரிடம் வேலை பழகியவர்கள் திரும்பவும் அந்த வார்டுக்குள் எப்படிக் கால்வைத்தார்கள்? ஒரு மூத்தவரின் கடைசி நிமிடத்தை நாங்கள் நினைவில் வைத்திருக்கிறோம். குழந்தையைத் தூக்கும்போது அவர் கை எப்படி இருந்தது என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ள மறந்துவிடுகிறோம்.

அதுவரை என் வாழ்க்கை பரீட்சையிலிருந்து பரீட்சைக்கு, இடமாற்றத்திலிருந்து இடமாற்றத்துக்கு என்று ஓடியது. லண்டனுக்குப் போவதற்கான பரீட்சைக்கும் புத்தகம் வாங்கி வைத்திருந்தேன். போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இந்த மண்டபத்திலேயே பாதிப்பேர் போனவர்கள், உங்கள் காசில்தான் இந்தக் கூரையும் போட்டது. ஆனால் எனக்கு அந்த அவசரம் இல்லாமல் போய்விட்டது. இப்போது எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் தாய்மார் கணக்குக்கு முதல் ஊழியர் கணக்கு. முப்பத்தைந்து தாண்டிய எவர் இன்னும் தன்னைக் காட்டவில்லை என்று பெயர் சொல்லியே கேட்பேன். சிலருக்கு என்மேல் கோபம், பரவாயில்லை. போன வருடம் நல்லூருக்குப் பத்து நாள் லீவெடுத்தேன். இருபத்தைந்து நாள் ஒருவரும் தரமாட்டார்கள்.

கொப்பிகளை மகள் எங்களிடம் ஒப்படைத்தார். அண்மையில் ஒரு பிள்ளை தாயுடன் வந்தாள். உயர்தரம் படிக்கிறாள், 2009 மார்ச்சில் பிறந்தவள். ஆவணமெல்லாம் சரி, தான் எங்கே பிறந்தேன் என்று பார்க்க மட்டும் வந்தாளாம். தேடி எடுத்தோம். மாத்தளன், பெண், விடியப்புறம் என்று இருந்தது. நிறை என்ற இடத்தில் மிஸி எழுதியிருந்தார்: "தராசு இல்லை. கையில் பாரமாகத்தான் இருந்தது."