நம்ம கணக்கு, நம்ம கண்ணு முன்னால

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கரிவலம்வந்தநல்லூர்தான். படிச்சது பத்தாவது. கல்யாணத்துக்கு அப்புறம் அடுப்படியும் பிள்ளைகளும்தான்னு இருந்தேன். மூணு வருசமா நம்ம கூட்டமைப்புக் கணக்கைப் பார்க்கிறேன். கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுறதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. அதுக்கு முன்னால என் தப்பு ஒண்ணைச் சொல்லணும்.

முதல் வருசம் ஒரு அக்கா மாட்டுக் கடன் வாங்கியிருந்தாங்க. மாசத் தவணை 1,850 ரூபாய். நாள் தவறாம கட்டுறவங்க. ஒரு கூட்டத்துல அவங்க பேரைப் பாக்கின்னு எல்லார் முன்னாலயும் வாசிச்சிட்டேன். "கட்டிட்டேனே தாயி"ன்னாங்க. பேரேட்டுல இல்லை. அவங்க பாஸ்புக்கும் அன்னைக்கு வீட்டுல இருந்துச்சு. ராத்திரி உட்கார்ந்து தேடினப்போதான் தெரிஞ்சுது, அதே பேருள்ள இன்னொருத்தர் பக்கத்துல அந்தப் பணத்தை எழுதி வச்சிருக்கேன். மறுநாள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். "கணக்கைத் திருத்திட்டே. நான் தலைகுனிஞ்சு நின்னதை எந்த நோட்டுல திருத்துவே?"ன்னாங்க. அந்தச் சொல்தான் என்னைக் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளுச்சு.

நம்ம தென்காசி மாவட்டத்துல மத்தளம்பாறை கிராமத்துல ஜோஹோ கம்பெனி 2011ல அலுவலகம் திறந்தாங்க. அவங்களோட மெயில், ரைட்டர், ஷீட் எல்லாம் உலகம் பூரா பயன்படுத்துறாங்க. நம்ம பக்கத்துப் பிள்ளைகள் வேலை பார்க்கிற இடம்தானேன்னு எனக்கும் தைரியம் வந்துச்சு. அந்த ஷீட்லதான் பழகினேன்.

மேகத்துல கணக்கு இருக்குன்னா வானத்துல இல்லை அக்கா. எங்கேயோ ஒரு கட்டடத்துல ராப்பகலா ஓடுற பெரிய கம்ப்யூட்டர்ல இருக்கு. ஜோஹோவுக்குச் சென்னையிலயும் மும்பையிலயும் அப்படி இடம் இருக்கு. என் போன் கிணத்துல விழுந்தாலும் கணக்கு போகாது. வேற போன்ல திறந்துக்கலாம்.

இப்போ ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு எண் கொடுத்திருக்கோம். ஒரே பேர் ரெண்டு பேருக்கு இருந்தாலும் குழப்பம் இல்லை. கூட்டத்துல பணம் வாங்கினதும் அங்கேயே ஏத்தி, சம்பந்தப்பட்டவங்ககிட்டக் காட்டிடுறோம். கூட்டுத்தொகையை 'சம்' போட்டா அதுவே கூட்டிடும். ஆனா நான் தப்பான எண்ணைப் போட்டா அது தப்பாத்தான் கூட்டும். அதனால பொருளாளர் நோட்டை வாசிக்க, நான் திரையைப் பார்த்துச் சரி சொல்லணும்.

இதுலயும் ஒரு தடவை அடி வாங்கினேன். லிங்க் கிடைச்ச எல்லாரும் திருத்தலாம்னு தெரியாம வச்சிட்டேன். ஒரு வீட்டுல குழந்தை போனை வச்சு விளையாடினதுல சேமிப்புப் பத்தி மொத்தமும் அழிஞ்சு போச்சு. எனக்கு கை கால் ஓடலை. பழைய பதிப்புகள் எல்லாம் தேதி நேரத்தோட உள்ளேயே இருந்துச்சு. முந்தின நாள் பதிப்பை எடுத்து மீட்டுட்டோம். இப்போ திருத்துற உரிமை மூணு பேருக்குத்தான். மத்தவங்க பார்க்கலாம், கை வைக்க முடியாது.

மெயிலைப் பத்தி ஒரு சொல். முன்னாடி நமக்கு வர்ற கடிதம் எல்லாம் ஒரு வீட்டுப் பையன் மெயிலுக்குப் போச்சு. அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான், கடிதமும் அவனோட போச்சு. இப்போ கூட்டமைப்பு பேர்லயே முகவரி இருக்கு. நிர்வாகிகள் மாறினாலும் அது மாறாது. மாச அறிக்கையைக் கொடுக்கச் சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறி அரை நாளைக் கழிக்க வேண்டாம். எப்போ அனுப்பினோம்னு தேதியோட நகலும் நம்மகிட்டயே நிக்கும்.

பாஸ்வேர்டை ஒருத்தர் மட்டும் வச்சிருக்கக் கூடாது, ஊருக்கே சொல்லவும் கூடாது. போன்ல வர்ற ஓடிபியை யார் கேட்டாலும் கொடுக்காதீங்க. தீர்மான நோட்டையும் விட்டுடாதீங்க. கையெழுத்து அதுலதான் இருக்கு, டவர் இல்லாத நாள்ல அதுதான் துணை.

கடைசியா ஒண்ணு கேட்டுக்கிறேன். பூக்கட்டுறவங்க, பீடி சுத்துறவங்க, தறிக்குப் போறவங்க, யாரா இருந்தாலும் மாசம் ஒரு தடவை உங்க வரியைக் கேட்டுப் பாருங்க. எழுத்துத் தெரியலைன்னா வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. அந்த அக்கா இப்போ ஒவ்வொரு கூட்டத்துலயும் "என் வரியைக் காட்டு தாயி"ன்னு முதல் ஆளா வந்து நிக்கிறாங்க. அது என்மேல உள்ள சந்தேகம்னு நான் நினைக்கலை. அது அவங்க உரிமை.