பேச மறுக்கும் படகு வானொலி

விசைப்படகின் வி.எச்.எப். வானொலிக் கருவி பிறர் பேச்சை நன்கு கேட்பிக்கும். நாம் பேசுவதற்கு விசையை அழுத்தியதும் அணைந்துவிடும். உடனே கருவி பழுதென்று முடிவு செய்தல் ஆகாது. கேட்பதற்கு ஓர் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரமே போதும். 25 வாட் ஆற்றலுடன் பேசுவதற்கோ ஏறத்தாழ 5 ஆம்பியர் வேண்டும். உப்புக் காற்றால் களிம்பேறிய இணைப்பு அவ்வளவு மின்சாரத்தைத் தாராது.

பேசும் வேளையிலேயே பாட்டரியிலும் கருவியின் பின்புறத்திலும் வோல்ட் மீட்டரால் அளந்து பார்ப்போம். முன்னதில் 12 வோல்ட்டும் பின்னதில் 10 வோல்ட்டும் காட்டினால், குறை இடையிலுள்ள கம்பியிலோ இணைப்பிலோதான் உள்ளது. மின்சாரத்தை நிறுத்தி, இணைப்புகளைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக முடுக்குவோம். எரிந்த பியூசுக்கு மாற்றாக அதே அளவுள்ளதையே இடுவோம்.

இதனைக் கரையிலேயே செய்துவிட்டால், ஆபத்தில் 16-ஆம் அலைவரிசையில் நாம் எழுப்பும் குரல் கடலோடு கரைந்துபோகாது.