மகனைத் தூக்கி வந்த தந்தை

(வானொலி மறையுரை. நற்செய்தி: மாற்கு 9:14-29)



ஜூன் 26 உலகப் போதைப்பொருள் ஒழிப்பு நாள். 1987-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இந்த நாளைக் குறித்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள், ஜூலை 9 அன்று, நம் திருச்சபை சீன நாட்டு மறைசாட்சியர் 120 பேரை நினைவுகூர்கிறது. இந்த இரண்டு நாள்களையும் இணைக்கும் ஒரு மனிதர் அந்த 120 பேரில் இருக்கிறார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நற்செய்திக்கு வருவோம்.

ஆண்டவர் மலைமேல் உருமாறிய பின் கீழே இறங்கி வருகிறார். மலையடிவாரத்தில் ஒரே கூச்சல். ஒரு தந்தை தம் மகனைக் கொண்டுவந்திருக்கிறார். வலிப்பு வந்து அந்தப் பையன் நெருப்பிலும் விழுவான், தண்ணீரிலும் விழுவான். சீடர்களால் குணமாக்க முடியவில்லை. அவர்களோ மறைநூல் அறிஞரோடு வாதம் செய்துகொண்டிருக்கிறார்கள். பையன் தரையில் கிடக்கிறான், பெரியவர்கள் வாதாடுகிறார்கள்.

போதைக்கு அடிமையானவரைப் பேய் பிடித்தவர் என்று சொல்வதற்காக இந்தப் பகுதியை நான் எடுக்கவில்லை. அது நோய். ஆனால் அந்தத் தந்தையை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இன்று நம் தெருக்களில் அவர் தாயாக, மனைவியாக, அக்காவாக இருக்கிறார். பிள்ளை நெருப்பில் விழுவதைப் பார்த்துப் பார்த்து இரவெல்லாம் தூங்காதவர் அவர்.

போதை என்றால் நாம் முதலில் சாராயத்தையே நினைக்கிறோம். இன்று நான் பேச வந்தது அபின் வகையைப் பற்றி. அபின், ஹெராயின் மட்டுமல்ல, கடுமையான வலிக்கு மருத்துவர் எழுதித் தரும் சில மாத்திரைகளும் இதே வகைதான். டேபென்டடால், டிரமடால் என்ற பெயர்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத இந்த மாத்திரைகளைப் பொடித்து, கரைத்து, ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றித் தமிழகத்தில் அடிக்கடி செய்தி வருகிறது. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 2 கோடியே 26 லட்சம் பேர் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 77 லட்சம் பேருக்கு உதவி தேவை. ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. (புற்றுநோய் வலிக்கு மருத்துவர் தரும் மார்ஃபினை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். மருத்துவர் மேற்பார்வையில் வலி தணிப்பது இரக்கச் செயல்.)

இப்போது ஆண்டவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அவர் அந்தத் தந்தையிடம் கேட்ட முதல் கேள்வி, இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதே. யார் குற்றம் என்று கேட்கவில்லை. வளர்ப்பு சரியில்லையா, யாரோடு சேர்ந்து கெட்டான் என்று கேட்கவில்லை. இன்று ஒரு நல்ல மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான். நம் வீடுகளிலோ முதல் கேள்வி, "இப்படிக் குடும்ப மானத்தை வாங்கிட்டியே?" என்பது. அதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாத பிள்ளை மறுபடியும் ஊசியிடம் போகிறான்.

பிறகு நாம் நமக்குத் தெரிந்த வைத்தியங்களைச் செய்கிறோம். தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்குகிறோம். அந்த நேரத்தில் அவன் உண்மையாகவே சத்தியம் செய்கிறான். ஆனால் சில மணி நேரத்தில் மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், உடம்பு சிலிர்க்கும், வயிறு போகும், எலும்பெல்லாம் வலிக்கும். இரண்டு மூன்று நாளில் அது உச்சத்துக்குப் போகும். வெறும் சத்தியத்தால் அந்த உடம்பைப் பிடித்து நிறுத்த முடியாது.

"ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடுவான்" என்று கல்யாணம் பேசுகிறோம். பெற்றோரே, இது பெரும் பாவம் என்று சொல்லத் தயங்கமாட்டேன். உங்களால் தூக்க முடியாத சுமையை, ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் தலையில் ஏற்றுகிறீர்கள். அல்லது, "வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டால் திருந்துவான்" என்கிறோம். வளைகுடா நாடுகளில் போதைப்பொருள் சட்டம் எவ்வளவு கடுமையானது என்று அங்கே வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்.

இன்னும் சிலர் கட்டி வைக்கிறார்கள், அடிக்கும் இல்லங்களில் கொண்டுபோய் விடுகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 நினைவிருக்கிறதா? இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த இல்லம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அன்று ஆண்டவரின் உருமாற்ற விழா. மலையிலிருந்து இறங்கி வந்த ஆண்டவர், நெருப்பில் விழும் மகனைத் தொட்டுத் தூக்கினார். நாம் நெருப்புக்குள் கட்டிப்போட்டோம். சங்கிலியில் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. அந்தச் சட்டம் போதையால் வரும் மனநிலைப் பாதிப்பையும் தனக்குள் அடக்குகிறது. ஓர் இல்லத்தில் பிள்ளையைச் சேர்க்குமுன் அரசுப் பதிவு உண்டா, மருத்துவர் வருகிறாரா, நீங்கள் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பார்க்க விடமாட்டோம் என்றால் அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது? மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சிதம்பரத்தில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. 2025-இல் தமிழக அரசு 25 இடங்களில் போதை மீட்பு மையங்களைத் திறந்து, அவற்றுக்குக் 'கலங்கரை' என்று பெயர் வைத்தது. கடலோரத்தில் வாழும் நமக்கு அந்தச் சொல்லின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். மனம் உடைந்து நிற்கும் பெற்றோர் 14416-இல் பேசலாம்.

அபின் வகை அடிமைத்தனத்துக்கு மருந்து உண்டு. நாக்கின் அடியில் வைத்துக் கரையவிடும் புப்ரெனார்பின் என்ற மாத்திரையை மருத்துவர்கள் தருகிறார்கள். உலக நலவாழ்வு அமைப்பு 2005-இலேயே இதை இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தேவைப்படும். "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்று கேட்டு அதைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவரை நாம் அப்படிக் கேட்பதில்லையே.

போலீஸ் பயம் வேண்டாமா என்று கேட்பீர்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, தாமாகவே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை பெறும் அடிமையானவருக்கு, பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறிதளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. விற்கிறவனுக்கு இந்தச் சலுகை கிடையாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிசும் 2024 ஜூன் 26 அன்று தம் புதன் மறைக்கல்வியில் விற்கிறவனையும் சிக்கியவனையும் பிரித்தே பேசினார். விற்கிறவர்களைக் கொலைகாரர் என்றார். சிக்கியவர் ஒவ்வொருவருக்கும் கேட்கப்பட வேண்டிய ஒரு கதை உண்டு என்றார்.

வீட்டில் கையில் பணம் தராதீர்கள், சாப்பாடு போடுங்கள். அவன் கடனை அடைக்காதீர்கள். மருத்துவமனைக்கு அவனோடு பேருந்தில் ஏறுங்கள். பொய்யை மூடாதீர்கள், கதவை மூடாதீர்கள். ஊசியைப் பலர் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்குப் பரிசோதனை செய்யுங்கள்.

இன்னொன்றை மறக்காமல் கேளுங்கள், இது உயிர் சம்பந்தப்பட்டது. சிகிச்சை முடிந்தோ, சிறையிலிருந்தோ திரும்பியவனுக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி இருக்காது. ஒரு நாள் தவறிப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகும். எழுப்பினால் எழாமல், உதடு நீலமாகி, மூச்சு மெதுவாக இழுத்தால், தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். என்ன எடுத்தான் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மானம் பார்க்கும் நேரம் அதுவல்ல.

இனி நான் சொன்ன அந்தப் புனிதருக்கு வருவோம். சீனாவைச் சேர்ந்த புனித மாற்கு ஜி தியான்சியாங் குடும்பத் தலைவர், மருத்துவர். ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தவர். வயிற்று நோய்க்கென்று அபின் எடுத்தார், அதற்கே அடிமையானார். திரும்பத் திரும்ப ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போனார். உண்மையான மனமாற்றம் இருந்தால் மறுபடியும் செய்வாரா என்று அன்றைய குருவானவர் நினைத்தார். இது நோய் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவருக்கு நற்கருணை கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் திருப்பலிக்கு வருவதை நிறுத்தவில்லை. 1900 ஜூலை 7 அன்று, பாக்சர் கலவரத்தில், விசுவாசத்துக்காகக் குடும்பத்தாரோடு கொல்லப்பட்டார். தம் பிள்ளைகளில் யாரும் தனியாகச் சாகக்கூடாது என்று, தம்மைக் கடைசியாக வெட்டும்படி கேட்டாராம். அபினை விட்டுவிட்டதாக அவர் வரலாற்றில் செய்தி இல்லை. 2000 அக்டோபர் 1 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

அபின் நல்லது என்று இதற்குப் பொருளல்ல. போதைப்பொருள் பயன்படுத்துவது கனமான தவறு என்றே திருச்சபை கற்பிக்கிறது. ஆனால் பழக்கத்தின் பிடியில் செய்யும் செயலுக்குப் பொறுப்பு குறையக்கூடும் என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1735-ஆம் எண்ணில் சொல்கிறது. எனவே ஒருவன் பத்தாவது முறை விழுந்தான் என்பதற்காக, அவன் எழ விரும்பவில்லை என்று நாம் தீர்ப்பிட முடியாது.

கடைசியாக, குடும்பத்தாருக்கு ஒன்று. அந்தத் தந்தை, மகனுக்கு இரங்கும் என்று மட்டும் கேட்கவில்லை. எங்கள்மேல் இரங்கி எங்களுக்கு உதவும் என்று கேட்டார். நோய் மகனுக்கு, உதவி எல்லாருக்கும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். வீட்டுக்குள் அழுதுகொண்டிருக்காமல், 1980-இல் டி.டி. ரங்கநாதன் பெயரிலேயே ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே நோயாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்தாருக்கும் தனியாக ஆற்றுப்படுத்தல் உண்டு. தாயே, மனைவியே, உங்களுக்கும் தூக்கம் வேண்டும், பேச ஒருவர் வேண்டும். உங்கள் அன்பியத்தில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். அன்பிய உறுப்பினர்களே, காதில் விழுந்ததை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். மருத்துவமனைக்குத் துணைக்குப் போங்கள், வீட்டுக்கு ஒருவேளை சோறு கொண்டுபோங்கள். மீண்டு வந்தவனுக்கு வேலை கொடுங்கள். நம் பங்கு வாதாடும் சீடர் கூட்டமாக இருக்க வேண்டாம்.

நற்செய்தியின் முடிவில் அந்தப் பையன் பிணம்போலக் கிடந்தான். இறந்துவிட்டான் என்றே பலரும் சொன்னார்கள். இயேசு அவன் கையைப் பிடித்துத் தூக்கினார், அவன் எழுந்து நின்றான். இந்த வகை இறைவேண்டலால் மட்டுமே நீங்கும் என்று சீடருக்குச் சொன்னார். வேளாங்கண்ணிக்கு நடந்து போங்கள், செபமாலை சொல்லுங்கள், உண்ணா நோன்பிருங்கள். மருந்தையும் நேரத்துக்குக் கொடுங்கள். ஊர் என்ன சொன்னாலும் அந்தக் கையை விட்டுவிடாதீர்கள்.

செபிப்போம். இரக்கமுள்ள ஆண்டவரே, நம்புகிறோம். நம்ப முடியாமல் தவிக்கும் இரவுகளில் எங்களைத் தாங்கும். போதையின் பிடியில் கிடக்கும் எங்கள் பிள்ளைகளை நீரே கைதூக்கிவிடும். அவர்களைத் தூக்கிச் சுமப்பவர்களுக்குப் பெலன் தாரும். புனித மாற்கு ஜி தியான்சியாங், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.