கடாரம் போனவர்களுக்கு ஒரு படம்



கங்கைகொண்ட சோழபுரம் இருக்கும் மண் இது. ராஜேந்திரன் 1025-இல் கடாரம் கொண்ட கதையைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அந்தக் கடாரம்தான் இன்றைய மலேசியாவின் கெடா. பெரம்பலூரும் உடையார்பாளையமும் அடங்கியிருந்த அன்றைய திருச்சி மாவட்டத்திலிருந்து, ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் எத்தனையோ குடும்பங்கள் மலாயாவுக்குக் கப்பலேறின. ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிப் பிழைத்த அவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

அந்தத் தோட்டங்களில் வளர்ந்த பெண்கள் 1943-இல் துப்பாக்கி ஏந்தினார்கள். அப்பாவையும் அண்ணனையும் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் பறிகொடுத்த வீடுகள் நிறைந்த காலம் அது. ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-இல் பட்டம் பெற்று அங்கே மருத்துவம் பார்த்துவந்த லட்சுமி சுவாமிநாதன், சேலை கட்டிய 20 பெண்களைத் திரட்டி, கனத்த துப்பாக்கிகளோடு அவருக்கு அணிவகுப்பு மரியாதை செய்தார். அக்டோபர் 22-இல், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. காதணியைக் கழற்றி நேதாஜியிடம் கொடுத்த கோலாலம்பூர் ஜானகி, 18 வயதில் அந்தப் படையில் சேர்ந்தார். பர்மா வரை போயும் இந்தப் பெண்களுக்குப் போர்முனை வாய்க்கவில்லை. 1945-இல் விமானங்களுக்கு ஒளிந்து, இரவெல்லாம் நடந்து பர்மாவிலிருந்து திரும்பினார்கள். அதுவும் போர்ச்சேவைதான், எனக்கு அதில் ஐயமே இல்லை.

லட்சுமி தொண்ணூறைத் தாண்டியும் கான்பூரில் நோயாளிகளைப் பார்த்தார், 2012-இல் மறைந்தார். 2014-இல் ஜானகியும் போய்விட்டார். இவர்களுக்குப் படங்கள் உண்டு, விருதுகளும் வந்தன. தோட்டத்துப் பெண்களுக்கு?

இந்தக் கல்லூரி மண்டபச் சுவரில் அவர்களில் ஒருத்தியின் ஓவியம் வேண்டும். மூதாட்டியாகவே வரையுங்கள். சுருக்கம் விழுந்த முகம், கத்தி பிடித்துக் காய்ப்பேறிய கை, தோளில் படைச்சின்னம். துப்பாக்கி ஏந்திய இளம்பெண்ணை யாரும் வரைந்துவிடலாம். போர் முடிந்த பின், பட்டமோ பதக்கமோ இல்லாமல் விடியலில் மறுபடி மரம் வெட்டப் போனவளை வரைய, ஓவியருக்கு அவள் கதை முழுதும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே, அந்தக் கதையைத் தேடித் தாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மலாயா போன பெரியம்மா, அத்தை யாரென்று கேளுங்கள். ஜப்பான்காரன் காலத்தைக் கண்டவர்களின் பேச்சைச் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக்காப்பகம் பதிந்து வைத்திருக்கிறது. அதையும் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரே ஒரு பெயர் கிடைத்தாலும் எனக்கு எழுதுங்கள். ஓவியருக்கான கூலியை நான் கொடுக்கிறேன்.