முதல் ஐந்து ஆட்டங்களை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா?



லீக் ஆட்டங்கள் தொடங்கி மூன்று வாரம் ஆனால் போதும். கெடா மாநிலத்தில் ஒட்டுக்கடைக்கு ஒரு நீதிமன்றம் கூடிவிடும். கோலா கெத்தில், பாலிங், கூலிம், சுங்கை பட்டாணி என்று எந்த ஊராக இருந்தாலும் சரி, மேசையில் வைத்த தே தாரே ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "இந்த வருஷம் நம்ம டீம் தேறாது அண்ணே" என்பார் இளையவர். "பொறு தம்பி, இறக்குமதி ஆட்டக்காரன் இப்பத்தான் வந்து இறங்கியிருக்கான்" என்பார் மூத்தவர். இருவரும் பார்த்தது ஒரே ஆட்டம்தான். ஆனால் முடிவு இரண்டாக இருக்கும்.

இந்த ரசிகரை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, இன்று சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலை பார்க்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வேலை முடிந்ததும் குளித்து, பச்சை மஞ்சள் ஜெர்சியை மாட்டிக்கொண்டு, நான்கு நண்பர்களோடு ஒரே காரில் நெடுஞ்சாலை ஏறி, அலோர் ஸ்டார் தாருல் அமான் அரங்கத்துக்குப் போகிறார். எண்ணெய்ச் செலவு, டோல், டிக்கெட், சாப்பாடு எல்லாம் அவர் சம்பளத்திலிருந்துதான் போகிறது. நள்ளிரவு வீடு திரும்பி, காலை ஷிப்டுக்கு எழுந்து ஓடுகிறார். பணமும் தூக்கமும் கொடுத்தவருக்குக் கருத்துச் சொல்ல முழு உரிமை உண்டு. அந்தக் கருத்து எதன் மேல் நிற்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பழமொழி சோற்றுக்குச் சொன்னது, உலையில் போட்டு இரண்டு நிமிடம் ஆன அரிசிக்குச் சொன்னதல்ல. பருவத்தின் முதல் ஆட்டங்கள் இன்னும் வேகாத அரிசி. அதை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, பானையையே கவிழ்த்துவிடக் கூடாது.

தோற்றவர்கள்தான் வென்றார்கள்

கெடா அணியின் வரலாறே இதற்குச் சாட்சி. 1987, 1988, 1989 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கெடா மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்கு வந்தது. மூன்று முறையும் கோலாலம்பூரிடம் தோற்றது. 'இறுதியாட்டம் என்றாலே இவர்களுக்குக் கால் நடுங்கும்' என்று சொல்ல அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? ஆனால் 1990-இல் நான்காவது முறையாக இறுதிக்கு வந்து, சிலாங்கூரை 3–1 என்று வென்று கிண்ணத்தை வடக்கே கொண்டுவந்தார்கள். 1993-இல் சிங்கப்பூரை 2–0 என்று வென்று மீண்டும் வாகை சூடினார்கள்.

பிறகு 2006–07, 2007–08 பருவங்கள். பயிற்றுநர் அஸ்ராய் கோர் அப்துல்லாவின் கீழ், சூப்பர் லீக், எப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் என்று மூன்று பட்டங்களையும் இரண்டு பருவங்களிலும் கெடா அள்ளியது. அந்த நாட்களை நேரில் பார்த்த ரசிகர்கள் இன்றும் எந்த அணியையும் அந்தத் தராசில்தான் நிறுத்துகிறார்கள். அப்படி நிறுத்தினால் எந்த அணியும் எடை குறைவாகத்தான் தெரியும். அதே கெடா சில ஆண்டுகளில் பிரிமியர் லீக்குக்கு இறங்கியது. 2015-இல் பிரிமியர் லீக் வெற்றியாளராகி மேலே வந்தது. 2016-இல், டான் செங் ஹோ பயிற்றுநராக இருந்தபோது, சிலாங்கூரோடு 1–1 என்று சமநிலை கண்டு, பினால்டியில் 6–5 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. உச்சிக்குப் போனதும் பள்ளத்தில் விழுந்ததும் மீண்டும் எழுந்ததும் பத்து ஆண்டுகளுக்குள் நடந்து முடிந்தவை.

2020 தரும் பாடம்

பருவத் தொடக்கத்தை மட்டும் வைத்து எடை போடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2020-ஐ விட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்த ஆண்டு ஜனவரியில், ஆசிய வெற்றியாளர் லீக் தகுதிச் சுற்றில், கெடா ஹாங்காங்கின் தை போ அணியை 5–1 என்று வென்றது. அன்று கேட்டிருந்தால், 'இந்த வருஷம் ஆசியாவையே ஆட்டிவைப்போம்' என்றிருப்பார் ரசிகர். அதே மாதம் தென் கொரியாவின் எப்.சி. சியோலிடம் 1–4 என்று தோற்றது. அன்று கேட்டிருந்தால், 'தற்காப்பு சல்லடை' என்றிருப்பார். பிப்ரவரி இறுதியில் சூப்பர் லீக் தொடக்க ஆட்டம். ஜொகூர் டாருல் தக்சிமிடம் 0–1 தோல்வி. அன்று கேட்டிருந்தால், 'கோல் போட ஆளில்லை' என்றிருப்பார்.

இரண்டு மாதத்துக்குள் மூன்று ஆட்டம், மூன்று தீர்ப்பு. பருவம் முடிந்தபோது நடந்தது என்ன? கோவிட் காரணமாக ஒரே சுற்றாக, 11 ஆட்டங்களாகச் சுருங்கிய அந்த லீக்கில் கெடா இரண்டாம் இடம் பிடித்தது. 2021-லும் இதே கதைதான். தொடக்க ஆட்டத்தில் ஜொகூரிடம் 0–2 தோல்வி, பருவ முடிவில் இரண்டாம் இடம். 2014 முதல் 2024–25 வரை ஒரு பருவம்கூட விடாமல் சூப்பர் லீக் பட்டம் வென்ற அணியிடம், அதுவும் முதல் ஆட்டத்தில் தோற்றது கெடாவின் தரத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை.

உலக அரங்கிலும் இப்படித்தான். 2010 உலகக் கிண்ணத்தில் ஸ்பெயின் முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் 0–1 என்று தோற்றது. கடைசியில் கிண்ணம் ஸ்பெயினுக்கு. 2022-இல் அர்ஜென்டினா முதல் ஆட்டத்தில் சவூதி அரேபியாவிடம் 1–2 என்று தோற்றது. கடைசியில் மெஸ்ஸியின் கையில் கிண்ணம். இதற்கு மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தில் 1995–96 பருவத்தில் நியூகாசல் 12 புள்ளிகள் முன்னணியில் இருந்தும் பட்டத்தை மான்செஸ்டர் யுனைடெட்டிடம் பறிகொடுத்தது. தொடக்கத் தோல்வி எப்படி ஏமாற்றுமோ, தொடக்க வெற்றியும் அப்படியே ஏமாற்றும்.

ஏன் ஏமாற்றுகிறது?

காற்பந்தில் கோல் அபூர்வம். அதனால் அதிர்ஷ்டத்துக்கு இடம் அதிகம். ஒரு சின்னக் கணக்கு. ஐந்து ஆட்டத்தில் ஓர் அணி மூன்றை 1–0 என்று வென்று, இரண்டில் தோற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 புள்ளி கிடைக்கும். வென்ற மூன்றில் இரண்டு ஆட்டங்களில், கம்பத்தில் பட்டுத் திரும்பிய எதிரணியின் பந்து உள்ளே விழுந்திருந்தால் அவை சமநிலை. 9 புள்ளி 5 ஆகிவிடும். ஆடியது அதே அணி, உழைப்பும் அதே உழைப்பு. இரண்டு அங்குல வித்தியாசத்தில் 'பட்டப் போட்டியில் இருக்கிறார்கள்' என்பது 'கடைசி இடத்துக்குப் போகிறார்கள்' என்று மாறிவிடும். பருவம் முழுதும் ஆடும்போது இப்படிப்பட்ட அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் பெருமளவு ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஐந்து ஆட்டத்தில் சரிக்கட்டாது.

அப்படியானால் ரசிகர் வாய் மூடி இருக்க வேண்டுமா? இல்லை. புள்ளிப் பட்டியல் சொல்லாத சில விஷயங்களை முதல் ஐந்து ஆட்டங்கள் நன்றாகவே சொல்லும். அவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, யாரிடம், எங்கே ஆடினார்கள்? பலமான அணிகளை அவர்கள் ஊரிலேயே சந்தித்துப் பெற்ற 4 புள்ளி, பலவீனமான அணிகளைச் சொந்தத் திடலில் சந்தித்துப் பெற்ற 9 புள்ளியை விட மேலானதாக இருக்கலாம்.

இரண்டாவது, வாய்ப்பு எங்கிருந்து வந்தது? பினால்டி பெட்டிக்குள் பந்தைக் கொண்டுபோய் அடிக்கிறார்களா, முப்பது மீட்டரிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறார்களா? உள்ளே போய்த் தவறவிடும் அணி நாளை கோல் போடும். தூரத்திலிருந்து ஒரு கோல் போட்ட அணி நாளையும் போடும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

மூன்றாவது, கடைசி இருபது நிமிடம். நம் நாட்டுப் புழுக்கத்தில் எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகுதான் பயிற்சியின் தரம் வெளிச்சத்துக்கு வரும். அந்த நேரத்தில் தொடர்ந்து கோல் விடும் அணிக்கு உடல்வலுவில் குறை இருக்கலாம், அல்லது மாற்று ஆட்டக்காரர் பலம் போதாமல் இருக்கலாம்.

நான்காவது, கோல் விட்ட விதம். ஐந்து ஆட்டத்தில் ஐந்து விதமாக விட்டால் கொஞ்சம் பொறுக்கலாம். ஐந்தும் மூலை உதையிலிருந்து தலையால் முட்டிய கோல் என்றால், பயிற்றுநரைக் கேள்வி கேட்கலாம். முதல் முறை நடந்தால் தவறு. ஐந்தாவது முறையும் நடந்தால் அது பழக்கம்.

ஐந்தாவது, உள்ளூர் இளைஞருக்கு எத்தனை நிமிடம்? இறக்குமதி ஆட்டக்காரர் இன்று வருவார், நாளை போவார். மாநிலத்துப் பையன்கள் திடலில் இறங்கவில்லை என்றால், மூன்று ஆண்டு கழித்து அந்த அணி யாருடைய அணி?

திடலுக்கு வெளியே ஒரு பட்டியல்

இவ்வளவும் பார்த்த ரசிகர்கள்கூட ஒன்றைப் பார்க்கத் தவறலாம். அதுதான் கெடாவின் கண்ணைத் திறந்தது. 2024–25 பருவத்தில், மலேசியக் காற்பந்தின் பெரிய நோயான சம்பள பாக்கி கெடாவைக் கடுமையாகத் தாக்கியது. ஆட்டக்காரர்கள் வியர்வை சிந்திச் சேர்த்த புள்ளிகள், நிர்வாகம் கட்டாத கடனுக்காகக் கழிக்கப்பட்டன. பருவ முடிவில், 2025–26 சூப்பர் லீக்கில் ஆடுவதற்கான உரிமம் கெடாவுக்குக் கிடைக்கவில்லை. அதே நேரத்தில் பேராவும் உரிமம் இழந்தது. ஸ்ரீ பகாங் விலகிக்கொண்டது. ஐந்து முறை மலேசியக் கிண்ணம் வென்ற மாநிலத்தின் பெயர் அந்தப் பருவத்தின் சூப்பர் லீக் பட்டியலிலேயே இல்லாமல் போனது.

ஒட்டுக்கடை மேசைக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பு உண்டு. பொதுவாக எந்தக் கிளப்பிலும் நடப்பது இதுதான். மூன்று ஆட்டம் தோற்றதும் 'பயிற்றுநரை மாற்று, இறக்குமதியை அனுப்பு' என்று குரல் எழும். நிர்வாகம் பயந்து மாற்றும். ஆனால் ஒப்பந்தக் காலம் முடியாமல் ஒருவரை அனுப்பினால், இழப்பீடு கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. வெளிநாட்டு ஆட்டக்காரர் பிஃபா வரை போவார். தீர்ப்பின்படி பணம் கட்டாத கிளப், புதிய ஆட்டக்காரரைப் பதிவு செய்ய முடியாதபடி தடை வரலாம். போனவருக்கும் பணம், வந்தவருக்கும் பணம் என்று செலவு இரட்டிக்கும். அவசரத் தீர்ப்பு இப்படித்தான் கடனாக மாறுகிறது.

ஆகவே, பருவத் தொடக்கத்தில் புள்ளிப் பட்டியலைப் பார்க்கும் ரசிகர், கூடவே சில கேள்விகளையும் கேட்க வேண்டும். சம்பளம் மாதாமாதம் போகிறதா? ஈ.பி.எப். கட்டப்படுகிறதா? அணியின் சட்டையில் விளம்பரம் கொடுத்த நிறுவனம் எத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது? தோட்டத் தொழிலாளியின் பிள்ளைகளுக்கு இது புரியாத விஷயமில்லை. கிராணி சம்பளத்தைப் பிடித்து வைத்தால் பால்மரம் சீவ மனம் வருமா? ஆட்டக்காரரும் தொழிலாளிதான். வீட்டு வாடகை கட்ட முடியாதவரிடம் தொண்ணூறு நிமிடம் ஓடச் சொல்வதும், ஓடவில்லை என்று ஏசுவதும் நியாயமாகாது.

பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுக்கிறோம்?

இதில் இன்னொரு பெரிய விஷயமும் இருக்கிறது. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஒரு திடல் இருந்தது. மாலையானால் லைன் வீட்டுப் பையன்கள் அங்கேதான் கிடப்பார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்த பிறகு, பல பிள்ளைகளுக்கு அந்தத் திடல் இல்லை. அப்பாவோடு, மாமாவோடு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதுதான் அவர்கள் காற்பந்து கற்கும் பள்ளிக்கூடம். அங்கே பெரியவர் ஒரு தோல்விக்கே 'இவன் எல்லாம் ஆட்டக்காரனா?' என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன கற்கும்? முதல் தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கினால் தன்னையும் இப்படித்தான் தள்ளிவிடுவார்கள் என்று கற்கும். மாறாக, 'இன்றைக்கு ஏன் தோற்றார்கள் சொல்லு பார்ப்போம்' என்று கேட்டால், கவனிக்கவும் காரணம் தேடவும் கற்கும்.

ரசிகருக்கு ஓர் எளிய யோசனை. ஒரு ஐம்பது காசு நோட்டுப் புத்தகம் போதும். முதல் ஐந்து ஆட்டத்துக்கும் யாரிடம் ஆடினார்கள், எங்கே ஆடினார்கள், கோல் எப்படி வந்தது, எப்படி விட்டார்கள், எந்த இளைஞர் இறங்கினார் என்று நான்கு வரி எழுதி வையுங்கள். தீர்ப்பை மட்டும் எழுதாதீர்கள். பத்தாவது ஆட்டம் முடிந்த பிறகு திருப்பிப் பாருங்கள். எது தற்செயல், எது பழக்கம் என்று அந்த நோட்டே சொல்லும். அப்போது எழுதுங்கள் தீர்ப்பை. அதன் பிறகு நிர்வாகத்திடம் கேள்வி கேட்டால், அந்தக் கேள்விக்கு எடை இருக்கும்.

1989-இல் மூன்றாவது இறுதியாட்டமும் தோற்ற அணியைக் கெடா ரசிகர்கள் கைகழுவியிருந்தால், 1990-இல் கிண்ணத்தைப் பார்க்க அரங்கத்தில் ஆள் இருந்திருக்காது. மேல்நிலை லீக்கில் இருந்தாலும் கீழே இருந்து மறுபடி ஏற வேண்டியிருந்தாலும், அணிக்குத் தேவை கண்ணை மூடிக் கைதட்டுபவரும் அல்ல, முதல் தோல்வியில் எழுந்து போகிறவரும் அல்ல. கண்ணைத் திறந்து உட்கார்ந்திருக்கும் ரசிகர்தான் தேவை.