ஓரெழுத்தில் உயிர்

நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில், வெட்டிய பால் உறையாமலிருக்கச் சிறிதளவு சேர்க்கும் தூள்களில் ஒன்று சோடியம் சல்பைட்டு. பெயரில் அதன் அண்ணன் தம்பி போலிருக்கும் சோடியம் சல்பைடு வேறு பொருள். ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஆலைகளில் முடி நீக்குவதும், சுரங்கங்களில் செம்புத் தாதுவைப் பிரிக்க உதவுவதும் அதுதான்.

பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் சல்பைடில் பட்டால், அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. ஆபத்து போய்விட்டதென்று நினைப்பவர் அங்கேயே சாய்வார். தூக்க ஓடுபவரும் சாய்வார்.

மலேசியாவில் 2013 விதிகளின்படி, அபாயகரமான இரசாயனங்களின் லேபிள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். மூட்டையைப் பிரிக்குமுன் பெயரைக் கடைசி எழுத்துவரை படியுங்கள். புரியாவிட்டால் கேளுங்கள்; கேட்பது வெட்கமல்ல.